பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

துப்பாக்கி வாங்கும் அளவுக்கு எனக்கு எதிரிகள் யாரும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹூஸ்டனில் நாங்கள் இருந்த தெருவில் என்மேல் தீராத பகை கொண்டிருந்தது ஓர் அணில் மட்டும்தான் (தக்காளிச் செடி விவகாரம்).

ஆனால் லைசென்ஸ் எடுத்தவர்கள் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடலாம் என்று டெக்சஸில் சட்டம் வந்த புதிது அது. ஆபீசில் ஆளாளுக்கு அதே பேச்சு. எனக்கும் கை அரித்தது. ரிவால்வரா, செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலா? பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை.

என் நண்பன் சேவியர் நாகர்கோவில்காரன். எனக்கு முன்பே ரிவால்வர் வாங்கியவன்.

“ரிவால்வர் அம்மி மாதிரிடே. ஆறு குண்டுதான், ஆனா என்னைக்கும் மக்கர் பண்ணாது. பிஸ்டல் மிக்ஸி. உள்ள ஏதாவது மாட்டிச்சுன்னா நின்னுரும். நீ ஒழுங்கா தொடச்சு வைக்கிற ஆளாடே?”

நான் கேட்பேனா? பிஸ்டலில் பதினைந்து குண்டு. மேலும், பிஸ்டலால் சுட்டு லைசென்ஸ் டெஸ்ட் பாஸ் பண்ணினால் இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; ரிவால்வரால் சுட்டால் ரிவால்வர் மட்டும்தான். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம்! பிஸ்டலே வாங்கினேன்.

என் மனைவி வசந்தி ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது நிபந்தனையோடு பேசினாள்.

“டெஸ்ட்ல பாஸ் பண்ணா வெச்சுக்கோங்க. ஃபெயில் ஆனா கடையிலேயே திருப்பிக் கொடுத்துடணும். சம்மதமா?”

கம்பீரமாகத் தலையாட்டினேன். விஜயதசமி சனிக்கிழமையில் வந்தது. தொட்டது துலங்கும் நாள் என்று அன்றைக்கே டெஸ்ட்டுக்குப் பெயர் கொடுத்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. அத்தனை வருடமும் கத்திரிக்கோலுக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் பொட்டு வைத்து சுவாமியை ஏமாற்றி வந்தவன் நான். இந்த முறை நிஜ ஆயுதம்! குண்டுகளை எடுத்துவிட்டு, பிஸ்டலைப் பலகையில் வைத்து, சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பினேன். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து உள்ளேயும் ஒரு பெரிய பொட்டு. (பீரோவுக்குள் வைப்பதில்லையா?) வசந்தி கற்பூரம் காட்டிவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணை மூடி நின்றாள். என் வெற்றிக்காக என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. தொடவில்லை. காலையில் வெளிப்பக்கத்தை மட்டும் டிஷ்யூவால் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுடும் இடத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்றோம். என் முதல் குண்டு சரியாகவே பாய்ந்தது. அத்தோடு சரி. பிஸ்டல் பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது. இழுத்தேன், தட்டினேன், முருகா என்றேன். ஆறரை அடி உயரப் பயிற்சியாளர் வந்து அதை வாங்கி, குண்டுகளை இறக்கி, உள்ளே விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

“சார், இது என்ன?”

“சந்தனம்.”

“எண்ணெய்க்குப் பதிலா?”

“இல்லை, ஆசீர்வாதம்.”

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மரியாதைக்கா, தலை சொறியவா என்று தெரியவில்லை. “இவ்வளவு வாசனையான துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இன்றைக்கு நீங்கள் ஃபெயில்” என்றார். பக்கத்தில் ஒரு பாட்டியம்மா ரிவால்வரால் டப் டப்பென்று சுட்டுப் பாஸாகிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், வசந்தி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது.

“சிரிக்காதே. நேத்து அவ்வளவு நேரம் வேண்டிக்கிட்டியே, என்ன பிரயோஜனம்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இந்தத் துப்பாக்கி ஒரு நாளும் சுடவே கூடாதுன்னுதாங்க வேண்டிக்கிட்டேன்.”

பிஸ்டல் திங்கட்கிழமையே கடைக்குத் திரும்பிப் போனது. சேவியர் போனில், “மிக்ஸில சந்தனமாடே அரைச்ச?” என்று மட்டும் கேட்டான்.

அப்போது எட்டு வயதாயிருந்த எங்கள் மகள் மீனாவுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் கார் கிளம்பாவிட்டாலும் சரி, பிரிண்டர் நின்றுவிட்டாலும் சரி, என்னைத் தாண்டிச் சமையலறையைப் பார்த்து அவள் கேட்பது ஒரே கேள்விதான்:

“அம்மா, டிட் யூ ப்ரே?”