கணப்பு மேசையை விட்டு யார் எழுந்திருப்பது?

இனி எழுந்திருப்பதே இல்லை என்று லியாவ் முடிவு செய்துவிட்டான்.

பயப்பட வேண்டாம், உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆள் கல்லுக்குண்டு மாதிரிதான் இருக்கிறான். கணப்பு மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை என்றுதான் முடிவு.

தென்சீனாவின் சாங்தே ஊரில் குளிர்காலம் வந்தால் தெருவைவிட வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். கோடையில் படுத்த பாய் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும்; இப்போது துவைத்த சட்டை கொடியில் பலகை மாதிரி நிற்கிறது. வடக்கத்திக்காரர்களுக்கு அரசாங்கமே குழாயில் வெந்நீர் விட்டு வீட்டைச் சூடாக்கிக் கொடுக்கிறது. இந்த ஊருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏசியில் அனல் வைத்தால் அது நேரே கூரைக்குப் போய்விடும்; தலை வேகும், கால் விறைக்கும். அதனால் வீட்டுக்கு ஒரு கணப்பு மேசை. அடியில் கரண்ட் கணப்பு, மேலே தரைவரை தொங்கும் மெத்தைப் போர்வை. அதற்குள் காலை நீட்டிவிட்டால் சொர்க்கம். சாப்பாடு, சீட்டாட்டம், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான்.

அந்தச் சொர்க்கத்தில் ஒரே ஒரு சட்டம். காலை வெளியே எடுத்தவர் தலையில்தான் வேலை விழும். "எப்படியும் எழுந்துட்டே, அந்த டீயை எடுத்துட்டு வந்துடு" என்று ஆரம்பிக்கும். பாத்திரம் கழுவி, குப்பை கொட்டி, மாடியில் காயும் உப்புக்கறியைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவதற்குள் எழுந்தவன் ஐஸ் கட்டியாகியிருப்பான். கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அப்படி ஐஸ் கட்டியானது லியாவ்தான்.

இந்தத் தடவை அவனே பந்தயம் கட்டினான்.

"இன்னைக்கு யார் முதல்ல எந்திரிக்கிறாங்களோ, புத்தாண்டு விருந்து முடியற வரைக்கும் அவங்கதான் பாத்திரம் கழுவணும்."

"ரெண்டு பக்கத்துச் சொந்தமும் வருதே லியாவ். குழாயில பச்சத் தண்ணிதான் வரும். யோசிச்சுச் சொல்றியா?" என்றாள் மனைவி சியூமான்.

"யோசிக்காம நான் வாய் திறப்பேனா?"

"அதான் கல்யாணத்தன்னைக்கே பார்த்தேனே."

உண்மையிலேயே யோசித்திருந்தான். கணப்பின் திருகு அவள் பக்கம். அணைத்துவிட்டுக் குளிரில் அவனை எழுப்பப் பார்ப்பாள். அதற்காகக் கம்பளிக் கால்சட்டை ஒன்று, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் பஞ்சு வைத்துத் தைத்த தடிக் கால்சட்டை, காலில் பஞ்சுச் செருப்பு. மேசைமேல் ஆரஞ்சு, சூரியகாந்தி விதை, பிளாஸ்க், போன் சார்ஜர். வாசல் கதவை முன்கூட்டியே தாழ் நீக்கியாயிற்று.

சியூமான் மெல்லிய பைஜாமாவோடு வந்து உட்கார்ந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊருக்கு மூட்டை கட்டிட்டே?"

"எந்த ஊருக்கும் இல்ல. எந்திரிக்கவே போறதில்லையே."

தெருவில் நாற்றத் தோஃபு, அதாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு ருசித்துத் தின்னும் சோயாக்கட்டி, விற்பவன் கூவிக்கொண்டு போனான். லியாவ் எச்சிலை விழுங்கினான், எழவில்லை. பார்சல்காரன் போன் செய்தான். "வாசல்லயே வச்சிடுப்பா" என்றான் ராஜா மாதிரி. சியூமான் போனில் யாருக்கோ ஏதோ தட்டிவிட்டு ஆரஞ்சு உரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெங் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் போர்வைக்குள் காலை விட்டாள்.

"இது யார் காலு, திண்டு கணக்கா?"

"என்னுதுதான்க்கா."

"குளிருதாக்கா?" என்று சியூமான் கேட்டாள்.

"எலும்பு வரைக்கும் ஏறிடுச்சு."

சியூமான் திருகைக் கூட்டினாள். வந்த விருந்தாளிக்காகக் கூட்டும் சூட்டை வேண்டாம் என்று வீட்டுக்காரன் சொல்ல முடியுமா? லியாவ் பல்லைக் காட்டினான்.

பெங் அக்கா மருமகள் கதையை ஆரம்பித்தாள். அது சுலபத்தில் முடிகிற கதையல்ல. லியாவின் முழங்காலுக்குக் கீழே ஏதோ வேக ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை. போர்வை ஓரத்தை லேசாகத் தூக்கினான். பெங் அக்கா அவன் கையிலேயே ஒன்று வைத்தாள்.

"சூட்டை வெளிய விடறியே தம்பி."

ஒரு கால்சட்டையையாவது கழற்றலாம் என்றால் அதற்கும் எழ வேண்டும். உட்கார்ந்தபடியே இடுப்பு நாடாவைத் தேடினான். பெங் அக்கா கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கீழ என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா. காலு மரத்துப் போச்சு."

"ஐயோ பாவம். சியூமான், தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சூடு வை."

சியூமான் மறுபேச்சு பேசாமல் வைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்க வேண்டுமே, ஊஹூம். ஊரில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர்கள் எல்லாம் அன்று அவளிடம் பாடம் படித்திருக்கலாம். ஒரு வார்த்தை அதட்டவில்லை, கணப்பை அணைக்கவில்லை. எந்தக் கோட்டையைப் புருஷன் கட்டினானோ, அதற்குள்ளேயே வைத்து அவனை அவித்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி ஏன் தம்பி இப்படிச் செவந்து கெடக்கு?"

"மத்தியானம் மீன் தலைக்கு மொளகா ஜாஸ்தி போட்டேன்க்கா" என்று சியூமானே பதில் சொன்னாள்.

அதற்குமேல் லியாவால் முடியவில்லை. செருப்பு ஒரு பக்கம், சூரியகாந்தி விதை ஒரு பக்கம் பறக்க, சமையலறைக்கு ஓடினான். ஜன்னலை விரியத் திறந்து, முழங்கை வரை கையைக் குழாய்த் தண்ணீரில் கொடுத்தான். அந்த ஐஸ் தண்ணீர் தேனாக இருந்தது. கை பாட்டுக்கு மத்தியானப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தது. மீன் தட்டு, சோற்றுக் கிண்ணம், வாணலி. கழுவக் கழுவ உயிர் வந்தது. உயிரோடு வீறாப்பும் வந்தது.

"தோத்துட்டேன்னு நெனைக்காதே" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான். "உடம்பு சூடா இருக்கு, அதான் கழுவறேன். எனக்கு இது சுகமாத்தான் இருக்கு."

"அப்படியா லியாவ்?" என்றாள் சியூமான், ஆரஞ்சுச் சுளையைப் பெங் அக்காவிடம் நீட்டியபடி. "அப்ப தெனமும் இதே சூட்டுல வச்சிடறேன்."