எல்லா ஊரிலும் பிறந்த ரான்ஸ்பர் அண்ணை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிற அத்தனை ஊர்களிலும் பிறந்த ஒரே மனிதர் ரான்ஸ்பர் அண்ணைதான். சாதாரண ஆட்கள் ஓர் ஊரில் ஒருமுறை பிறப்பதே பெரும்பாடு. அவர் பதினொரு ஊர்களில் பிறந்திருந்தார். பதினொன்றுக்கும் கையெழுத்திட்ட படிவம் இருந்தது.

இங்கே வரப்போகும் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் தேடி மினக்கெட வேண்டாம். உண்மைப் பெயர்களை எழுதினால் ஊர்ச் சங்கத் தலைவர்கள் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுப்பார்கள், ஆசிரியர் எனக்கு எடுப்பார்.

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபறோவில் பனி கரைந்ததும் முதலில் முளைப்பது புல் அல்ல, ஊர்ச் சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் ஒன்றுகூடல், ஒரு பெரிய சட்டி கொத்துரொட்டி, ஓர் உதைபந்தாட்ட அணி. எல்லா ஊர்களும் மோதிக்கொள்ள ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்கு ஒரு யாப்பு, அதாவது விதிக்கோவை, இருந்தது. ஊரவர்கள் மட்டுமே விளையாடலாம், ஓர் ஆளுக்கு ஓர் ஊர்தான். இந்த இரண்டாவது விதியைத்தான் ரான்ஸ்பர் அண்ணை ஆண்டுதோறும் உதைத்து விளையாடினார்.

அவர் நடுக்களத்து ஆட்டக்காரர். மைதானத்தின் நடுவட்டத்தில் நிற்பார். நிற்பார் என்றுதான் எழுத வேண்டும், ஓடுவார் என்று எழுதினால் பாவம் வந்து சேரும். “அண்ணை, கொஞ்சம் ஓடுங்கோவன்” என்று யாராவது கத்தினால், “பந்துக்குத்தான் நாலு பக்கமும் போக விருப்பம். எனக்கென்ன விசரே?” என்பார். ஆனால் அந்தப் பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் கதை வேறு. நீங்கள் இப்போது நிற்கிற இடத்துக்கு அனுப்ப மாட்டார். மூன்று விநாடி கழித்து நீங்கள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அனுப்புவார். நீங்கள் அங்கே போகாவிட்டால் அது உங்கள் பிழை.

ஒவ்வொரு கோடைக்கும் ஒரு புதிய கிளப், அந்த இடமாற்றத்தால்தான் ‘ரான்ஸ்பர்’ என்ற பட்டம். ஒவ்வொரு கிளப்புக்கும் ஓர் உரிமை வைத்திருந்தார். ஓர் ஊரில் அவருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா தபாற்காரராக இருந்தாராம். இன்னோர் ஊரில் அவருக்குச் சின்ன வயதில் அம்மாள் வருத்தம் என்கிற அம்மை கண்டு மூன்று கிழமை படுத்திருந்தாராம். மூன்றாவது ஊர்த் தலைவரிடம் போய், “உங்கட ஊர்ச் சந்தியிலை என்ர சைக்கிளைக் களவெடுத்தவை. அது இண்டைக்கும் உங்கட ஊரிலைதான் ஓடுது. அப்ப நான் ஆர்?” என்று கேட்டிருக்கிறார். தலைவர் பையைத் திறந்தார். படிவத்தைக் கொடுத்துவிட்டார்.

ஓடாத ஆளை ஏன் சேர்த்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு ரகசியம் இருந்தது. ரான்ஸ்பர் அண்ணை விளையாடும் வருடம் அந்த அணி ஒருநாளும் இறுதி ஆட்டத்துக்குப் போகாது. அவர் விட்டுப் போன அடுத்த வருடம் கிண்ணத்தையே தூக்கும். இரண்டு முறை நடந்தால் தற்செயல், ஐந்து முறை நடந்தால் சாத்திரம். சித்திரை பிறந்ததும் கப்டன்மார் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். “அண்ணை, இந்தமுறை எங்களோடை ஒரு வருசம் விளையாடிப்போட்டு விட்டிட்டுப் போங்கோ.”

“உங்களை விட்டுப்போகச் சொல்லித்தானே கூப்பிடினம், கோவம் வரேல்லையோ?” என்று ஒருமுறை கேட்டேன்.

“போகச் சொல்லுறதுக்கு முதல் வா எண்டு சொல்லுறாங்கள்தானே,” என்றார்.

இந்த ஞானம் அவருக்கு இங்கிலாந்தில் கிடைத்தது. கனடாவுக்கு வரமுதல் அங்கே வடக்கே ஒரு சின்ன நகரத்துப் பெற்றோல் செட்டில் ஒன்றரை வருடம் வேலை செய்தார். பக்கத்தில் நாலாம் பிரிவு அணி ஒன்றின் மைதானம். கூரையில் பாதி இல்லை, புல்லில் முக்கால்வாசி இல்லை. அந்த அணியின் நடுக்களத்துக்காரர், முப்பத்தாறு வயது வெள்ளைக்காரர், சனிக்கிழமைகளில் பெற்றோல் அடிக்க வருவாராம். பதினாறு வயதில் தொடங்கிப் பதினொரு கிளப். சில கிளப் விற்றது, சில கிளப் இரவல் கொடுத்தது, ஒரு கிளப் கிறிஸ்மஸுக்கு முதல்நாள் கடிதம் கொடுத்து அனுப்பியது. ஒரு மெடலும் இல்லை, பேப்பரில் படமும் வந்ததில்லை. “கவலையில்லையோ?” என்று நம்மவர் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, பதினொரு ஊர்களில் கதவைத் தட்டினால் தனக்கு ஒரு தேநீர் இருக்கிறது என்றாராம். அதை ரான்ஸ்பர் அண்ணை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். “பார் அடா, முதலாம் பிரிவுக்காரனுக்கு வீடு இருக்கு, கார் இருக்கு. உந்த மனுசனுக்குப் பதினொரு ஊரிலை தேத்தண்ணி இருக்கு!”

அந்த வெள்ளைக்காரரிலிருந்து அவர் ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபட்டார். அவருக்கு மெடல் ஆசை இருந்தது. ஒரே ஓர் இறுதி ஆட்டம், கழுத்தில் ஒரே ஒரு மெடல். கார் டிக்கிக்குள் பத்து நிறத்தில் ஜேர்சிகள் கிடந்தன, மெடல் போட ஒரு வெல்வெற் பெட்டியும் கிடந்தது. வெறும் பெட்டி.

நான் அவரைச் சந்தித்தது ரெக்ஸ்டேலில், பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில். நான் கனடாவுக்கு வந்து மூன்று மாதம், தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஸ்காபறோவிலிருந்து தன் காரில் ஏற்றிப் போவதாகச் சொன்னார். ஏறி இருந்ததும் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

“தம்பி எந்த ஊர்?”

என் அப்பா ரெயில்வேயில் ஸ்ரேஷன் மாஸ்டர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம். பிறந்தது பொல்காவலை, நடக்கப் பழகியது மாகோ, பள்ளிக்கூடம் பதுளை, மீசை முளைத்தது அனுராதபுரம். அப்பாவின் குடும்பம் காணியை விற்றுவிட்டு எப்போதோ யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது, அம்மா வளர்ந்தது கண்டியில் ஒரு விடுதியில். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவரின் முகத்தில் லைற் அணைந்துவிடும். அந்த நாளில் இந்த நகரத்தில் அறை, வேலை, குளிருக்கு ஒரு பழைய ஜக்கெற், எல்லாம் ஊர் வழியாகத்தான் வரும். ஊர் இல்லாதவனுக்குப் பஸ் மட்டும் வரும்.

நான் சொல்லி முடித்ததும் ரான்ஸ்பர் அண்ணை சந்தோஷத்தில் 401 நெடுஞ்சாலையில் பிறேக் அடித்துவிட்டார். பின்னால் நாலைந்து ஹோர்ன் கத்தின.

“ஒரு ஊரும் இல்லையோ? அப்ப ஆரும் மறுக்கேலாது! நீ விளையாடுவியோ?”

“ரெயில்வே கிறவுண்டிலை விங்கிலை ஓடினனான் அண்ணை.”

“சரி. இந்த வருசம் நீ புளியங்காடு. கேட்டுக்கொள், சந்தியிலிருந்து வடக்காலை போனா முதல்லை பள்ளிக்கூடம், அதுக்குப் பக்கத்திலை சுடலை...”

அப்படித்தான் நான் ஊரவன் ஆனேன். வேலைக்குப் போகும் வழியெல்லாம் பூமிசாஸ்திரப் பாடம். பாண் பேக்கரிக்காரரின் பெயர், கோயில் தேர்முட்டி எந்தப் பக்கம், எந்த வீட்டுக் கிணறு உப்பு. புளியங்காட்டார் எனக்கு வோபர்னில் ஒரு பேஸ்மென்ற் அறை பார்த்துத் தந்தார்கள். அடுத்த கோடை இருவரும் நாவலோடைக்கு மாறினோம். அந்த ஊர் எனக்குக் குளிர் ஜக்கெற் தந்தது.

நாவலோடை ஒன்றுகூடலில்தான் மாட்டிக்கொண்டேன். ஓர் அன்ரி கொத்துரொட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார். “தம்பி, எங்கட பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை என்ன இருக்கு, சொல்லும் பாப்பம்?”

“சுடலை அன்ரி,” என்றேன். அது முந்தின வருடத்துப் பாடம்.

அன்ரியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நாவலோடையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது அன்ரியின் வீடு.

ரான்ஸ்பர் அண்ணை இடையில் பாய்ந்தார். மைதானத்தில் அவர் அந்த வேகத்தில் ஓடி நான் பார்த்ததில்லை. “அன்ரி, அவன் உங்கட நாயைச் சொல்லுறான். அது கலைச்சுக் கடிச்சா ஆள் நேரை சுடலைக்குத்தானே!”

அன்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. “ஓம் ஓம், எங்கட நாய் அப்பிடித்தான்,” என்று எனக்கு இன்னொரு கரண்டி போட்டார்.

மூன்றாவது கோடை, வடலிப்புலம். அது அவருடைய மனைவியின் ஊர். “மாமியார் வீட்டுக்குக் கடைசியாத்தான் போகவேணும்” என்று பத்து வருடம் தள்ளிப்போட்டு வைத்திருந்தார். என்ன அதிசயமோ, சாத்திரம் பொய்த்தது. நாங்கள் ஒவ்வொரு ஆட்டமாக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். நாற்பத்தொரு வயதில் ரான்ஸ்பர் அண்ணைக்கு முதல் இறுதி ஆட்டம். முதல்நாள் தொழிற்சாலையில் மூடிகளைப் பெட்டியில் அடுக்கும்போது விசிலடித்துக்கொண்டே இருந்தார்.

எதிரணி புளியங்காடு. ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது அவர்கள் முறைப்பாடு வைத்தார்கள். “உவன் முந்தி எங்கட ஊரவன். இப்ப எப்பிடி வடலிப்புலத்தான்?” என்று என்னைக் காட்டினார்கள். ரான்ஸ்பர் அண்ணையைப் பற்றி முறைப்பாடு இல்லை. அவர் எதிரணியில் விளையாடுவதை எல்லோரும் விரும்பினார்கள்.

விசாரிக்க வந்தவர் சுற்றுப்போட்டிச் செயலாளர். இளைப்பாறிய ஆசிரியர், யாப்பு மாஸ்டர் என்று பெயர். கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த பைல் இருக்கும். பூங்காவின் மரமேசையில் என்னை முன்னால் இருத்தினார்.

“தம்பி, பொய் சொல்லாதையும். உமக்கு எந்த ஊர்?”

பேக்கரியும் தேர்முட்டியும் உப்புக் கிணறும் மூளைக்குள் ஒன்றோடொன்று மோதின. எனக்குக் களைத்துவிட்டது. “எனக்கு ஊர் இல்லை மாஸ்டர்,” என்றேன். அதை நான் பலருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

மாஸ்டர் நல்ல மனிதர். பைலைப் புரட்டி வழி தேடினார். “ஒரு வழி இருக்கு. இந்த ஊர் ஆள் ஒருத்தர் ‘இவர் எங்கட வீட்டுப் பிள்ளை’ எண்டு கையெழுத்து வைச்சால் விளையாடலாம்.”

எங்கள் அணியில் பதினான்கு பேர் இருந்தார்கள். கப்டன் தன் சப்பாத்தைப் பார்த்தார். மற்றவர்கள் கப்டனைப் பார்த்தார்கள். மைதானத்தில் எனக்குப் பந்து தருவதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டுப் பிள்ளை என்று எழுதுவதற்கு முன்னால் நம்மவர்கள் எதையெல்லாம் யோசிப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எழும்பிப் பையை எடுத்தேன்.

“பேனையைத் தாங்கோ மாஸ்டர்.” முழங்கால் வரை காலுறை இழுத்துவிட்டபடி ரான்ஸ்பர் அண்ணை வந்து நின்றார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஐசே, யோசிச்சுச் செய்யும். நீர் கையெழுத்து வைச்சால் உம்மடை ஊரை நான் உறுதிப்படுத்தவேணும். பைலைத் திறந்தால் உம்மடை பழைய படிவம் எல்லாம் வெளியிலை வரும். பேந்து நீர் இண்டைக்கு விளையாடேலாது.”

“தெரியும். தாங்கோ.”

கையெழுத்து வைத்தார். மாஸ்டர் பெருமூச்சு விட்டுப் பத்துப் படிவங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொரு கல் வைத்தார். பத்துப் படிவம், பத்துச் சொந்த ஊர், ஒரே கையெழுத்து.

“இதிலை எது உண்மை?”

“எல்லாம் உண்மைதான் மாஸ்டர். எல்லா இடத்திலையும் தேத்தண்ணி குடிச்சனான்.”

“யாப்பு தேத்தண்ணியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.”

“அப்ப யாப்பிலை உள்ளபடி செய்யுங்கோ. மனுசியின்ர ஊர் எண்டபடியால் என்ர கையெழுத்துக்கு இந்தப் பதினோராவது செல்லும். பெடியன் விளையாடட்டும்.”

அப்படியே தீர்ப்பானது. நான் உள்ளே, அவர் வெளியே. நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். “போ அடா, நேரம் போகுது. விங்கிலை நில், நடுவுக்கு வராதை” என்றார்.

இடைவேளையில் நாங்கள் இரண்டுக்குப் பூச்சியம் பின்னால் நின்றோம். ரான்ஸ்பர் அண்ணை வெட்டிய தோடம்பழங்களுடன் வந்தார். ஜேர்சியைக் கழற்றவில்லை. “ஏன் எல்லாரும் செத்தவீட்டு முகத்தோடை இருக்கிறியள்? நான் விட்டுப்போன கிளப் வெல்லும். நான் காலமையே விட்டிட்டன். இனி நீங்கள் விரும்பினாலும் தோக்கேலாது!”

சாத்திரம் சாத்திரம்தான். மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். மூன்றாவது கோல் என்னுடையது. காலால் அல்ல, யாரோ அடித்த பந்து என் காதில் பட்டு உள்ளே போனது. அந்தக் காது இன்றைக்கும் குளிர்காலத்தில் இரையும், நான் குறைப்படுவதில்லை.

மெடலை அவர் கழுத்தில் போட்டேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். “காதாலை கோல் போட்டவனுக்கு மெடல் எதுக்கு,” என்றார். நேரே காருக்குப் போய் வெல்வெற் பெட்டியைத் திறந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கிளப்புக்கும் விளையாடவில்லை.

இப்போது அவர் ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு முழங்காலும் புதியவை. “ரெண்டும் வேறை கொம்பனி, இன்னும் ஒத்து விளையாடப் பழகேல்லை” என்கிறார். போன மாதம் போயிருந்தபோது அவர் மனைவி, எனக்கு அக்கா, பழைய அல்பம் ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் அவர்களுடைய கலியாண அழைப்பிதழ் இருந்தது. மணமகள் பெயருக்கு மேலே வடலிப்புலம் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. மணமகன் பெயருக்கு மேலே ஊர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“அச்சுப்பிழை எண்டு சொன்னவர்,” என்றார் அக்கா மெதுவாக. “நானும் இத்தனை வருசமாத் திருப்பிக் கேக்கேல்லை.”

பெரியப்பாவின் ஊர், அம்மாள் வருத்தம் கண்ட ஊர், சைக்கிள் களவுபோன ஊர். தாய் தகப்பன் ஊர் என்று ஒன்றையும் அவர் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று காரில் அவர் பிறேக் அடித்தது ஏன் என்றும் விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா பாக்கிறாய்? தேத்தண்ணி ஆறுது, குடி.”

குடித்தேன். நல்ல சாயம், அளவான சீனி.

இப்போதும் கலியாண வீடுகளில் யாராவது என்னிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். வடலிப்புலம் என்பேன். நான் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் விடமாட்டார்கள், “அங்கை ஆரின்ர வீடு?” என்பார்கள்.

“ரான்ஸ்பர் அண்ணை வீடு,” என்பேன்.