இடஞ்சுழி ஒன்றுகூட இல்லாத வானம்

பேரன்புள்ள சித்திக்கு,

அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் தொலைநோக்கியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மின்னஞ்சல் அனுப்பினால் அம்மாவின் கைபேசியிலும் தெரியும் என்பதால் கையால் எழுதி, நாளை உங்கள் ஊருக்கு வரும் கீழ்வீட்டு ஜட்ஜ் ஐயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து வந்த முடிவுகளில் இடப்பக்கமாகச் சுழலும் விண்மீன் திரள் ஒன்றுகூட இல்லை, வானத்தின் அந்த மூலை முழுவதும் வலப்பக்கமாகவே சுழல்கிறது, இதை வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னால் பேசப் போகிறேன், பேச்சு எடுபட்டால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அதை மாடிப்படியில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரையும் நிறுத்திப் படித்துக் காட்டினார். நான் மட்டும் உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்தேன். சித்தி, தயவுசெய்து அதைப் பேசிவிடாதீர்கள். ஏன் என்பதை முறையாக எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களை நான் தனியாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வலஞ்சுழி, இடஞ்சுழி, தெரியவில்லை என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும் என்பது நம் ஏற்பாடு. ஆனால் ஆரம்பித்த அன்றே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, "தங்கச்சி வேலை நிக்கக் கூடாது" என்று அப்பாவைக் கணினி முன்னால் உட்காரவைத்தார். அப்பாவுக்குத்தான் சுழலும் பொருள்களைப் பற்றி எல்லாம் தெரியுமே, இத்தனை வருடமாக ஃபேன் ரிப்பேர் செய்கிறவராயிற்றே என்று நானும் நிம்மதியாகக் கண்ணை மூடினேன். அப்பா முதல் படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இதை நாம மேலேருந்து பார்க்கிறோமா, கீழேருந்து பார்க்கிறோமா?"

"வானம் மேலதானே இருக்கு. கீழேருந்துதான்."

"அப்போ நமக்கு இடப்பக்கம் சுத்துறது அந்தப் பக்கம் நின்னு பார்க்கிறவனுக்கு வலப்பக்கம். உன் தங்கச்சி எங்கே நின்னு கேக்குறா?"

"அவ ஆபீஸ்ல நின்னு கேக்குறா. பேசாம அழுத்துங்க."

"தள்ளித் தள்ளிப் பார்த்துட்டேன், நிறையப் படத்துல ஃபேன் எதிர்ப்பக்கமா சுத்துற மாதிரி கனெக்‌ஷனையே மாத்திக் குடுத்திருக்காங்க. மாட்டினவன் யாருன்னு தெரியாம நான் எதையும் அழுத்த மாட்டேன்."

இயற்பியலின்படி அப்பா சொன்னதில் தவறே இல்லை. திரளை முன்பக்கமிருந்து பார்ப்பதா, பின்பக்கமிருந்து பார்ப்பதா என்பதைப் பொறுத்துத்தான் வலமும் இடமும். இதை நான் கட்டிலிலிருந்தே எடுத்துச் சொன்னேன். "நீ வாயில தெர்மாமீட்டரை வச்சுக்கிட்டுப் பேசாதே" என்று அம்மா அதட்டினார். அன்று மாலைவரை அப்பா ஒரு படத்துக்குக்கூடப் பொத்தானை அழுத்தவில்லை. அம்மா அப்பாவை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது, சித்தி, ஏனென்றால் அம்மா டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடத்துகிறவர், வளைந்து போகும் எதைப் பார்த்தாலும் அவருக்கு வலப்பக்கமாகவே சுற்ற வேண்டிய ரவுண்டானாதான். வலஞ்சுழியாக ஒரு திரள் வந்தால் "சமத்து, அழகா திரும்புது பாரு" என்று உடனே அழுத்திவிடுவார். இடஞ்சுழியாக ஒன்று வந்தால் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஐயோ, எதிர்ப்பக்கமா வருதே, யாரு இதுக்குக் கத்துக் குடுத்தது" என்று வருத்தப்படுவார். இடஞ்சுழி என்பது குற்றமில்லை, அது வெறும் திசைதான் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "உனக்கென்ன தெரியும், பக்கத்துல உக்கார்ந்து பார்த்தாதான் அந்தப் பயம் தெரியும்" என்றார்.

இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கீழ்வீட்டு ஜட்ஜ் ஐயா மேலே வந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து யாராவது சண்டை போட்டால் அவருக்கு உடம்பு தேறிவிடும். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "நீங்களே சொல்லுங்க ஐயா, இது இடப்பக்கம் சுத்துதுன்னு பதிவு பண்ணிட்டா அதோட வாழ்க்கை என்ன ஆகுறது? எனக்கு ஃபெயில் போட மனசே வரல" என்றார். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார், பிறகு போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது சுத்துறதை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"போட்டோதானே ஐயா. அப்படியே நிக்குது."

"நிக்கிறதை வச்சு இப்படித்தான் சுத்துச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? சந்தேகத்தோட பலனைக் குடுத்துடுங்க. நிரூபிக்கப்படுற வரைக்கும் எந்தத் திரளும் இடஞ்சுழி இல்லை."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து இடஞ்சுழிக்கெல்லாம் தெரியவில்லை என்ற பொத்தான்தான், "அடுத்த மாசம் மறுபடி வா" என்ற ஆறுதலோடு. வலஞ்சுழிக்கும் அதே நியாயம்தானே, அதற்கும் நிரூபணம் வேண்டாமா என்று அப்பா வாசலிலிருந்து கேட்டார். "ஒழுங்கா இருக்கிறவங்களைப் போய் யாரும் விசாரிக்க மாட்டாங்க" என்று ஐயா தீர்ப்பு சொல்லிவிட்டார். எனக்குக் காய்ச்சல் விடுவதற்குள் படக்கட்டு முழுவதும் முடிந்து, உங்களுக்கும் போய்விட்டது. ஆகவே அந்த மூலை ஒரு பக்கமாகச் சுழலவில்லை, எங்கள் வீடுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

இதனால் உங்கள் வேலை என்ன ஆகுமோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் பதிலுக்குத் தர என்னிடம் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. கட்டிலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்ததில், ஒரு படம் தவறாமல், பெரிய திரளின் சுருள் கை நுனியில் ஒரு குட்டித் திரள் தொங்கிக்கொண்டிருந்தது. சிலவற்றில் மேலே, சிலவற்றில் கீழே, சிலவற்றில் பக்கவாட்டில். ஜட்ஜ் ஐயாவும் கவனித்து, "எங்க பார்த்தாலும் பெருசு சின்னதைக் கையைப் பிடிச்சு இழுக்குது. இவ்வளவு பெரிய பிரபஞ்சத்துல சட்டம் ஒழுங்கே இல்லையே" என்று அம்மா தந்த காபியைக்கூடக் குடிக்காமல் போனார். எந்தத் திரளும் தனியாக இருப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு குட்டி உண்டு என்பதே என் விதி. புத்தகங்களில் தேடிவிட்டேன், இதுவரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இதைப் பேசுங்கள், சித்தி. என் பெயரைப் போட வேண்டியதில்லை, அக்கா மகள் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தால் போதும்.

அம்மாவின் அன்பையும் அப்பாவின் விசாரிப்பையும், அவர்களைக் கேட்காமல் நானே இதில் சேர்த்திருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இரவெல்லாம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பகலிலும் தூங்காமல் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் உதவியாளரும் அக்கா மகளும்

பி.கு.: உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். சற்றுமுன் நீங்கள் அம்மாவைக் கைபேசியில் அழைத்தது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. உங்கள் ஆபீஸில் யாரோ கை தவறி, பார்வையாளர்களைச் சோதிப்பதற்காக வைத்திருந்த பயிற்சிப் படக்கட்டு ஒன்றை எங்களுக்கு அனுப்பிவிட்டார்களாமே. அத்தனை படமும் ஒரே ஒரு திரளாமே, அதையே சாய்த்தும் மங்கலாக்கியும், பாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றியும் வைத்திருந்தார்களாமே. ஆகவே என் விதியை அடித்துவிடவும். அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு குட்டி உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வானத்தை விட்டுவிட்டுப் பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசு, அதுதான் புதிது, அவர்களையும் அழைத்து வா என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அம்மா போனை வைத்துவிட்டு, "அத்தனை தடவையும் வந்து நின்னது ஒரே ஆளா? தெரிஞ்சிருந்தா எதிர்ப்பக்கமா வந்தப்பவும் ஒரு தடவையாவது பாஸ் போட்டிருப்பேனே" என்றார். இப்போது பெட்டி அடுக்குகிறார். அப்பாவும் கிளம்புகிறார், மாட்டினவனைப் பார்க்க வேண்டுமாம். எனக்குப் பரீட்சை, வர முடியாது. கடிதத்தைக் கொண்டுவருகிற மூன்று பேரும் கடிதத்துக்குள்ளேயும் இருப்பதால், அவர்கள் ஊர் திரும்பிய பிறகு பிரித்துப் படிக்கவும்.