சீராக வந்த ஃப்ரிட்ஜ்

"ஏனுங்க, தயிர் வெதுவெதுன்னு இருக்குது" என்றாள் சாந்தாமணி.

வேங்கடசாமி பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வெளிய வெச்சிருப்பே."

"ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துதானுங்க எடுத்தேன். வந்து கையை உட்டுப் பாருங்க."

வந்து கையை விட்டுப் பார்த்தார். சமையலறையைவிட ஃப்ரிட்ஜுக்குள் புழுக்கமாக இருந்தது. விளக்கு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று எரிந்தது.

அது சாதாரண ஃப்ரிட்ஜ் அல்ல. பீரோவைப் போல இரட்டைக் கதவு. இடக் கதவைத் திறந்தால் ஐஸ், வலக் கதவைத் திறந்தால் காய்கறி, கதவிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ள ஒரு குழாய். புது வீட்டில் பால் காய்ச்சியபோது சாந்தாமணியின் தம்பி மோகன்குமார் அன்னூரிலிருந்து டெம்போவில் ஏற்றி, மேளம் கொட்டிக் கொண்டுவந்து இறக்கிய சீர்.

சீர் என்பதுதான் சிக்கலே. பல வருஷம் முன்னால் மோகன்குமாரின் கல்யாணப் பந்தியில், "பருப்பு இன்னுங் கொஞ்சம் வெந்திருக்கலாமுங்க" என்று வேங்கடசாமி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மச்சான் நொட்டை சொல்லிவிட்டார் என்று மோகன்குமார் அன்றோடு பேச்சை நிறுத்தினார். அதன் பிறகு அக்காவும் தம்பியும் கோயிலில் எதிரெதிரே நின்றாலும் சாமியை மட்டும்தான் பார்த்தார்கள். அந்தச் சண்டை இந்த ஃப்ரிட்ஜோடுதான் முடிந்தது. சாந்தாமணி அன்றைக்குத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், ஹோமம் வளர்த்த ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அந்தத் தம்பி இன்று மத்தியானம் சாப்பிட வருகிறார்.

"அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க." சாந்தாமணிக்கு இப்போதே கண் கலங்கிவிட்டது. "குடுத்த சீரு ஓடலைன்னு காதுல உழுந்தா மறுபடியும் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான். எனக்கு இருக்கறது ஒரே தம்பிங்க."

காலேஜில் படிக்கும் மகள் வர்ஷினி, "கம்பெனிக்குச் சொன்னா ஆள் வந்து பார்த்துட்டுப் போயிருவாங்க" என்று ஃபோனைத் தட்ட ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். "பில்லு மாமா நம்பர்ல இருக்குதுப்பா. கம்ப்ளெய்ன்ட் போட்டா ஓடிபி அவருக்குத்தான் போகும்."

"அப்ப வெளி மெக்கானிக்கைக் கூப்புடலாமா?" என்றாள் சாந்தாமணி.

"எந்த மெக்கானிக்கைக் கூப்புட்டாலும் ஒண்ணு அவனுக்குப் பங்காளி, இல்லாட்டி நமக்குப் பங்காளி. இங்க ஸ்க்ரூவைக் கழட்டறதுக்குள்ள அன்னூருக்குச் சேதி போயிரும்." வேங்கடசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வெளியாளு எதுக்கு? இதுக்குள்ள இருக்கறதும் மோட்டாருதானே?"

கணபதி என்ற பகுதியில் அவருக்குச் சொந்தமாக மோட்டார் பம்புப் பட்டறை இருந்தது. சமாதானமானதும் மோகன்குமாரின் கிணற்றுக்கும் அங்கிருந்துதான் ஒரு மோட்டார் கொடுத்திருந்தார். கோயமுத்தூரில் பம்பு செய்கிறவர்களுக்கு உலகத்திலுள்ள எல்லாப் பொருளும் பம்புதான். சிலதில் தண்ணீர் வரும், சிலதில் வராது, அவ்வளவே வித்தியாசம்.

வர்ஷினி ஃபோனில் தேடிப் படித்தாள். "பின்னாடி காத்துப் போறதுக்கு இடம் உடணுமாம்ப்பா. நீங்க அலமாரி அடிச்சு, சுவத்தோட ஒட்டித் திணிச்சு வெச்சிருக்கீங்க. முன்னால கொஞ்சம் நகத்தி வெச்சு, பின்னாடி இருக்கற தூசியைத் தொடைச்சாப் போதும்னு போட்டிருக்குது."

"காத்தா? நம்ம மோட்டாரு ஆயிரம் அடி போர்ல, தண்ணிக்குள்ள, மூச்சே உடாம ஓடுது கண்ணு. இது சொகுசா டைல்ஸ் மேல நின்னுக்கிட்டுக் காத்துக் கேக்குதாக்கும்!"

மோட்டார் ஜாம் ஆகியிருக்கும் என்பது அவருடைய தீர்ப்பு. ஜாம் ஆன மோட்டாரைத் தட்டினால் ஓடும். தட்ட வேண்டுமானால் ஃப்ரிட்ஜை வெளியே இழுக்க வேண்டும். இழுத்தார். ஃப்ரிட்ஜ் வந்தது, அதற்குப் போகும் தண்ணீர்க் குழாய் வரவில்லை. அது சுவரோடு நின்றுகொண்டு எதிர்ச் சுவர் வரைக்கும் பீய்ச்சி அடித்தது.

"ஆகா, ப்ரஷரைப் பாத்தியா!" என்றார் வேங்கடசாமி, தன்னை மறந்து.

"மாவுச் சட்டிக்குள்ள அடிக்குதுங்க!" என்று சாந்தாமணி கத்தினாள்.

மாடிக்கு ஓடி, தொட்டி வால்வை ஒரே முறுக்காக முறுக்கினார். வால்வு மூடிக்கொண்டது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இனி ஃப்ரிட்ஜுக்கும் தண்ணீர் கிடையாது, வீட்டுக்கும் கிடையாது. கைப்பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போலக் கீழே இறங்கி வந்தார்.

அடுத்து மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜின் பின்னால் குந்தினார். மூடியைக் கழற்றி, மோட்டாரைச் செல்லமாக நாலு தட்டுத் தட்டினார். அதுவரை உர்ரென்று முனகிக்கொண்டாவது இருந்த ஃப்ரிட்ஜ், முனகலை நிறுத்திவிட்டு 'டிங் டிங்' என்று அடிக்க ஆரம்பித்தது.

"பாத்தியா, உசுரு வந்துருச்சு!"

"கதவு தொறந்திருக்குதுன்னு கத்துதுப்பா" என்றாள் வர்ஷினி.

இழுத்த இழுப்பில் முன்கால் ஒன்று ஒடிந்து, ஃப்ரிட்ஜ் முன்பக்கமாகக் குனிந்திருந்தது. அதனால் இரண்டு கதவுகளும் தாமாகவே அகலத் திறந்து, "வாங்க, வாங்க" என்று நின்றன. சாத்தினால் மறுபடியும் வாங்க என்றன. மரியாதை தெரிந்த ஃப்ரிட்ஜ்.

அடியில் ஒரு செங்கல்லை அண்டைக் கொடுத்தார். இடக் கதவு மூடியது, வலக் கதவு மூட மறுத்தது. செங்கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். வலது மூடியது, இடது திறந்து, உள்ளேயிருந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தை அவர் தலையில் கொட்டியது. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று காரில் கிடந்த தாம்புக் கயிற்றை எடுத்து வந்து, ஃப்ரிட்ஜைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"ஐயோ, எருமையைக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்களே! தம்பி பாத்தா என்ன நெனைப்பான்?"

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

சாந்தாமணிக்கு அந்த நேரத்தில் எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, பூஜை அறைக்கு ஓடினாள். சாமி படத்துக்கு வாங்கி வைத்திருந்த சம்பங்கி மாலையைக் கொண்டுவந்து கயிற்றின் மேல் சாத்தினாள். இரண்டு கதவிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். 'டிங் டிங்' மட்டும் நிற்கவில்லை. வர்ஷினி போய்ச் சுவிட்சை அணைத்தாள். காலையிலிருந்து அந்த வீட்டில் நடந்த ஒரே உருப்படியான ரிப்பேர் அதுதான்.

"வாங்க மாப்ளை, வாங்க, வாங்க!"

"வாரேனுங்க மச்சானுங்க. நல்லா இருக்கீங்களா? ஏனுங்க, தலையில பட்டாணி இருக்குதுங்களே?"

"சமையலுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுனேன்."

மோகன்குமார் ஒரு பெரிய டப்பாவை நீட்டினார். "ஐஸ்கிரீமுங்கக்கா. நம்ம ஃப்ரிட்ஜுல வெச்சிருங்க. சாப்புட்டுப்போட்டு அப்பறமாத் திங்கலாம்."

சாந்தாமணி டப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உள்ள வெச்சா ருசி போயிரும் கண்ணு. மொதல்ல இதைத் தின்னுபோடலாம்."

அப்படியே ஆயிற்று. பத்துப் பேருக்கு வாங்கிய ஐஸ்கிரீமை நாலு பேர் உட்கார்ந்து தின்றார்கள். பிறகு அதன் தலையில் சுடச்சுட ரசத்தை ஊற்றினார்கள். மோகன்குமார் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர் கேட்டபோது, சளி பிடிக்கும் என்று வெந்நீர் கொடுத்தாள் அக்கா. கை கழுவப் போனவருக்கு முன்னால் குடத்தோடு ஓடி, வேங்கடசாமி தாமே தண்ணீர் ஊற்றினார். மாப்பிள்ளைக்கு மரியாதையாம்.

அப்போதுதான் மோகன்குமார் சமையலறைப் பக்கம் நன்றாகத் திரும்பிப் பார்த்தார். "இதென்னுங்கக்கா, ஃப்ரிட்ஜுக்கு மாலை?"

"தம்பி குடுத்த சீராச்சே! வெள்ளிக்கெழமையானாப் பூசை பண்ணி மாலை சாத்திருவேன். அன்னிக்கு முச்சூடும் தொறக்கறதில்ல."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்களேக்கா."

"பக்திக்கு ஏது கண்ணு கெழமை?"

மோகன்குமார் மாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "நல்லா ஓடுதுங்களா மச்சானுங்க?" என்றார்.

"ஓடுதாவா! வெச்ச தண்ணி கல்லாப் போயிருது மாப்ளை. பொருள்னா இப்படி இருக்கோணும். மோட்டாரைப் பத்தி எனக்குத் தெரியாதா? நம்ம பட்டறையில செஞ்ச மோட்டாரு நின்னுபோச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் வந்து சொன்னதில்லை!"

மோகன்குமாருக்குப் புரையேறியது. சாந்தாமணி தலையில் தட்டிக் கொடுத்தாள்.

"ஆமாமுங்க மச்சானுங்க" என்றார் அவர் இருமலுக்கு நடுவே. "யாரு வந்து சொல்லுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி தன் வீட்டில் உட்கார்ந்து சிரிப்பதைச் சாந்தாமணி ஆசையோடு பார்த்தாள். இந்தக் கயிறு இன்னும் கால் மணி நேரம் தாங்கினால் போதும், அடுத்த மாசம் மாலையோடு ஒரு பொங்கலே வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மோகன்குமாரின் கார் டிரைவர் சபரீஷ் தேங்காய் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு சமையலறைக்குள் வந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் சந்தனத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், மாலைக்கு அடியில் எட்டிப் பார்த்த கயிற்றையும் பார்த்தார். முகத்தில் அப்படி ஓர் இரக்கம் வந்தது.

"அட, உங்க ஊட்டுலயும் ஓடலைங்களா? எங்க கெணத்துக்கு நீங்க குடுத்த மோட்டாரு நின்னுபோனதுல இருந்து, உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு எங்க மொதலாளியும் அதுக்கு இப்படித்தானுங்க மாலை போட்டு வெச்சிருக்காரு!"