சோத்தாங்கைப் பக்கம், ஓவர்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். படகுக்குத்தான் மூக்கில் அடி. தங்கள் முழங்கால் வலி இப்போது எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

நீங்கள் உடனே தங்கள் தங்கையிடம் பேசியாக வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு நான் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கியதும், அதிலேயே பெருங்கடலைத் தாண்டி அக்கரையில் இருக்கும் எங்கள் மகளைப் பார்த்துவிட்டு வருவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதும் தாங்கள் அறிந்ததே. அடுத்த வாரம் புறப்பாடு. இந்த நேரம் பார்த்து வரமாட்டேன் என்று தங்கள் தங்கை வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டாள். நாங்கள் படகு ஏறுவதற்கு முன்பே நம் குடும்ப மானம் கப்பலேறிவிட்டது.

என் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். கேப்டன் நான். ஆயுள் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்பீர்கள்; வெள்ளைத் தொப்பி வாங்கிவிட்டேன், கேப்டனுக்கு வேண்டியதில் முக்கால்வாசி அதுதான். இன்ஜினுக்கும் ஸ்டீயரிங்குக்கும் என் சகலை, அதாவது உங்கள் சின்னத் தங்கை வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், மேலும் கீழும் போகிற எதையும் சரிசெய்துவிடுவார், முன்னால் போகிற இயந்திரம்தான் அவருக்குப் புதிது. வைத்தியத்துக்கும் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். நாலாவது தங்கள் தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்தான், அவளிடம் படித்தும் லைசென்ஸ் வாங்காத ஒரே ஆள் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடலில் சிக்னலா இருக்கிறது, சந்து பொந்தா இருக்கிறது என்று அவளைச் சமையலுக்குப் போட்டுவிட்டேன்.

ஏற்பாடுகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. டின்களில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் கரப்பான் பூச்சி முட்டையிடும், உரித்துவிட்டு மேலே மையால் எழுதுங்கள் என்று படகுப் பட்டறை மேஸ்திரி சொன்னார். பல் டாக்டர் ஒன்றுவிடாமல் உரித்து, உள்ளே இருப்பதைத் தன் கைப்பட எழுதினார். டாக்டர் கையெழுத்து. பட்டாணியா பழமா என்று அவருக்கே தெரியவில்லை. படித்துச் சொல்ல மருந்துக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் போலிருக்கிறது. காற்று நிரம்பும் உயிர்காப்புத் தெப்பம் வேலை செய்கிறதா என்று சகலை படகின் கூடத்துக்குள் வைத்தே கயிற்றை இழுத்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டிய பல் டாக்டர், வாயை அகலத் திறந்தபடி அசையாமல் இருப்பது எப்படி என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்.

அடுத்தது வாக்கிடாக்கிப் பயிற்சி. பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும், அதைக் கேட்டதும் எதிராளி பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், அழுத்தியிருக்கும் வரை அவர் காதில் எதுவும் விழாது; இவ்வளவுதான் சட்டம். வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்கு, "இன்னிக்கு என்ன சமையல், ஓவர்" என்றேன். பதில் வரவில்லை. கரண்டியோடு ஆளே வந்து நின்றாள்.

"என்ன சமையல்னு கேக்கறதைத் தவிர வேற என்ன தெரியும் உங்களுக்கு. இதுல ஓவர்னு குறை வேறயா?"

சட்டத்தை விளக்கினேன். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு வெள்ளோட்டம். இடது, வலது என்று கத்தினால் இன்ஜின் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. எனவே ‘சோத்தாங்கைப் பக்கம்’, ‘பீச்சாங்கைப் பக்கம்’ என்று கட்டளை வகுத்தேன். குழந்தைக்கும் குழப்பம் வராது. தங்கள் தங்கை கையில் ஒரு வாக்கிடாக்கியோடு கரையில் நின்றாள், நான் தொப்பியோடு படகின் முனையில் நின்றேன், கடலில் ஒரு சுற்று நல்லபடியாகப் போய்த் திரும்பினோம். துறையை நெருங்கும்போது, "சோத்தாங்கைப் பக்கம் திருப்பு, ஓவர்" என்றேன். சகலை இடது கையால் சாப்பிடுகிறவர். இத்தனை விருந்துகளில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் நான் கவனிக்காதது தப்புதான். துறையின் பலகையில் பாதியும், அதன் மேலிருந்த மேஸ்திரியின் சாப்பாட்டு டப்பாவும் எங்களோடு கிளம்பி வந்தன.

"நான் கொஞ்சமாத்தான் திருப்பலாம்னு பார்த்தேன், நீங்கதான் ஓவராத் திருப்பச் சொன்னீங்க" என்கிறார் சகலை. மோதிய கையோடு கரையிலிருந்து வாக்கிடாக்கியில் தங்கள் தங்கையின் குரல் வந்தது: "நான் வரமாட்டேன். இது ரொம்ப ஓவர்." சட்டப்படி பொத்தானை அழுத்தி, செய்தி கிடைத்தது என்று சொல்லி, மனசு விட்டுப்போய் வாக்கிடாக்கியை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்று காலையிலிருந்து ஆளையே காணோம்.

மகளைப் பார்க்கத்தான் போகிறோம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உங்களிடம் மறைப்பானேன். என் டியூட்டியும் அவள் டிரைவிங் ஸ்கூலுமாக, ஒரே வீட்டில் இருந்தும் உட்கார்ந்து பேச நேரமில்லாமலே இத்தனை காலம் ஓடிவிட்டது. வேறு யாரும் அவளைக் கூப்பிட முடியாத ஓர் இடத்தில் அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் இந்தப் படகையே வாங்கினேன். அவள் வரவில்லையென்றால் எனக்குப் படகும் வேண்டாம், கடலும் வேண்டாம். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தலைகால் புரியாமல் போய்விடும். மற்றபடி அண்ணன் என்ற உரிமையில் அதட்டியாவது சம்மதிக்க வையுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு என் ஆசி, தங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்
(கேப்டன்)

பி.கு.: அண்ணா, இது நான். நான் வீடு திரும்பினதும், உன் விலாசம் எழுதச் சொல்லி சைகையிலயே உறையை நீட்டினார், ஒட்ட மறந்துட்டார். அன்னிக்கு நான் சொன்னதுல பாதியைத்தான் கேட்டிருக்கார். "நான் வரமாட்டேன். இது ரொம்ப ஓவர். அந்தத் தொப்பி உங்க தலையில இருக்கற வரைக்கும் வரமாட்டேன், எங்கிட்ட குடுத்தா இப்பவே வரேன்" அப்படின்னு முழுசாச் சொன்னேன். ஓவர்னு காதுல விழுந்ததும் பொத்தானை அழுத்திட்டார் மனுஷன். இன்னிக்குக் காலையில நானே படகை வெளியில எடுத்து, ரிவர்ஸ்லயே கொண்டுவந்து கட்டிட்டேன். மேஸ்திரி சாப்பாட்டு டப்பாவை எடுத்து மடியில வெச்சுக்கிட்டுத்தான் பார்த்தார், ஆனா ஒரு கீறல் இல்லை. நீ எதுவும் பேச வேண்டாம். எங்கிட்ட சொல்லிடாதீங்கன்னு எழுதியிருக்காரே, அந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். இவரைக் கரையில விட்டுட்டு நானே படகை எடுத்துக்கிட்டுப் போற எண்ணம் இருந்தது, இப்ப இல்லை. உறையை ஒட்டிட்டுப் போய்த் தொப்பியை வாங்கிக்கணும். இனிமே என்ன சமையல்னு நான்தான் கேப்பேன், ஓவர்.