பார்க்கிங் அண்ணை பனிமலைக்கு வந்த கதை

ஒஸ்லோவில தமிழ்ச் சனம் வைச்சிருக்கிற கார்களில, பார்க்கிங் அண்ணையிட்டை ஏச்சு வாங்காத கார் எண்டு ஒண்டுகூட இல்லை. எல்லிங்ஸ்ருட்டில இருந்து வெஸ்ட்லி வரைக்கும் ஆரையும் கேட்டுப் பாருங்கோ. கல்யாணமோ, சாமத்தியவீடோ, அந்தியேட்டியோ, கோயில் திருவிழாவோ, காரைக் கொண்டுபோய் வாசலில திருப்பினால், மினுங்கிற மஞ்சள் மேலங்கியும் வாயில விசிலுமா அந்தாள் நிப்பார். ஆர் அவரை அங்கை விட்டது? ஒருத்தரும் இல்லை. அழைப்புச் சொல்லாத வீட்டுக்கும் வந்து நிண்டு எல்லாக் காரையும் நிப்பாட்டிப்போட்டு, சாப்பிடாமலே போயிடுவார். அவற்ர சொந்தப் பேர் எனக்கு இண்டைக்கும் தெரியாது.

அவருக்கு வாழ்க்கையில ஒரேயொரு கொள்கை. கார் பின்பக்கமாத்தான் உள்ளுக்குப் போகவேணும். மூஞ்சை வெளிய பாத்து நிக்கவேணும். "அவசரமெண்டால் ஒரே இழுவையில வெளிக்கிடலாம்" எண்டுவார். ஒரு செத்தவீட்டில சவவண்டிக்காரனையே மறிச்சு ரிவேர்ஸில விடச் சொன்னவர். அதுக்கு என்ன அவசரம் எண்டு கேக்க ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. கோயில் தேர் வீதி சுத்தி இருப்புக்கு வரேக்கை, "பின்பக்கமா விடுங்கோ, வாற வருசம் எடுக்க லேசு" எண்டு வடம் பிடிச்ச சனத்துக்கு நடுவில நிண்டு விசிலடிச்சதை நான் என்ர கண்ணால கண்டனான். ஐயர் மேல இருந்து பாத்த பார்வை இருக்கே, வேற ஆளெண்டால் அந்த இடத்திலேயே எரிஞ்சு போயிருக்கும்.

ஊரில சண்டைக்குள்ள சனம் இடம்பெயர்ந்து ஓடின நேரம், ஒழுங்கைக்குள்ள மூஞ்சை உள்ளுக்கு விட்ட லொறி ஒண்டு திருப்பேலாமல் ரோட்டை மறிச்சு நிண்டதாம். அதைக் கண்ட நாளில இருந்துதான் இந்தப் பழக்கமாம். பாவம்தான். ஆனால் அதுக்காக, முகூர்த்தம் போகுது எண்டு பொம்பிளை வீட்டுக்காரர் பதறேக்கை, பொம்பிளையின்ர காரைச் சுவரோட ஒட்டி விட்டு, கூறைச் சீலையோட அந்தப் பிள்ளையை மற்றக் கதவால தவண்டு இறங்க வைக்கிறதோ? எனக்கு அப்பவே அந்தாளில கோவம்.

இனி என்ர கதைக்கு வாறன். அதைச் சொல்லேக்கை இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வருகுது.

என்ர மகள் ஆரணி மலையில ஸ்கீ ஓடுறவள். தமிழ்ப் பிள்ளையள் எல்லாம் ஃபுட்போலும் பரதநாட்டியமும் எண்டு திரிய, இது மட்டும் கொடிக்கம்புகளுக்கு இடையில வளைஞ்சு வளைஞ்சு மலையால இறங்கவேணும் எண்டு நிண்டது. ரெண்டு குளிர்காலம் விழுந்து எழும்பி, உடம்பு முழுக்கக் கண்டலோட திரிஞ்சுதான் முதல்முதலாப் போட்டிக்கு எடுபட்டவள். ஸ்டார்ட்டில உங்கட இலக்கத்தைக் கூப்பிடேக்கை நீங்கள் அங்கை இல்லையெண்டால் அவ்வளவுதான், வீட்டை போகலாம். அந்தப் பயம் அவளுக்கு ஒரு கிழமையா. எனக்கு அதைவிடக் கூட.

பிள்ளையை உற்சாகப்படுத்த எண்டு தெரிஞ்ச குடும்பங்கள் மூண்டும் வெளிக்கிட்டுதுகள். எங்களோட சேத்து நாலு கார். நாலு கார் ஒரு பக்கம் போகுதெண்டால் அந்தாளுக்கு எப்பிடித்தான் மணக்குமோ தெரியாது, விடிய நான் கதவைத் திறக்கிறன், பார்க்கிங் அண்ணை தன்ர பழைய காரை எங்கட வாசலில குறுக்கால விட்டுப்போட்டு மஞ்சள் அங்கியோட நிக்கிறார்.

"தங்கச்சி, பனி ரோட்டு. ஆரும் ஆரையும் முந்தப்படாது. நான் முன்னுக்குப் போறன், எல்லாரும் எனக்குப் பின்னால."

"அண்ணை, பிள்ளைக்குப் போட்டி. நேரத்துக்குப் போகவேணும்."

"அதுக்குத்தானே நான் வாறன்!"

என்ர மனுசன் மத்தியானச் சாப்பாட்டுச் சொதிப் பானையை மடியில வைச்சுக்கொண்டு சிவனே எண்டு முன் சீற்றில இருந்தார். கார் ஓடினது நான்.

மலையின்ர பேரை நான் சொல்லமாட்டன். அங்கை திரும்பவும் போகவேணும், மானத்தோட. ரெண்டு மணித்தியால ஓட்டம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. அந்தாள் எண்பதில போற ரோட்டில அறுபதில போகுது. பின்னால நோர்வேக்காரர் வரிசையா லைற் அடிக்கினம். ஒரு வட்டச்சந்தியில எங்கட கடைசிக் கார் பிந்திப் போச்சு. அண்ணை என்ன செய்தவர் தெரியுமோ? வெளிய போகாமல் சந்தியையே சுத்தத் தொடங்கிட்டார். அவருக்குப் பின்னால நாங்களும் சுத்துறம். பக்க ரோட்டில ஒரு வயசுபோன நோர்வே மனுசி காரை நிப்பாட்டிப்போட்டு வாயைப் பிளந்துகொண்டு பாத்தது. கோயில் வீதியைச் சுத்துற மாதிரிச் சுத்திக் கடைசிக் காரையும் சேத்துக்கொண்டுதான் அந்தாள் மலைப்பக்கம் திரும்பினார். ஆரணி பின் சீற்றில "ஹேர்ரெகூட்! ஹேர்ரெகூட்!" எண்டு தலையில அடிச்சுக்கொண்டு இருந்தாள். நோர்வே மொழியில கடவுளைக் கூப்பிடுறது. எனக்குத் தமிழில வேற வேற சொல்லுகள் வந்தது, பிள்ளை இருந்ததால விழுங்கினன்.

மலையடியில பெரிய வெளி. பனியை வழிச்சு ஓரத்தில மதில் மாதிரிக் குவிச்சு விட்டிருக்கினம். கார் விடுறவையைப் பாக்க ஒருத்தரும் இல்லை. அண்ணை காரால குதிச்சார், விசில் அடிச்சார், எங்களைப் பனி மதிலுக்கு நேர பின்னால விடச் சொன்னார்.

"வா வா வா வா... வீலை ஒடி... நேர வா..."

என்ர கார் கீக் கீக் எண்டு கத்துது. பின்னால ஏதோ இருந்தால் அது கத்தும். நான் கண்ணாடியை இறக்கி, "அண்ணை, கார் கத்துது!" எண்டன்.

"அது கத்தும். நீர் நான் சொல்லுறதைக் கேக்கிறீரோ, மெசின் சொல்லுறதைக் கேக்கிறீரோ? வாரும்! இன்னும் ஒரு சாண்... நில்!"

காரின்ர பின்பக்கம் பொதுக்கெண்டு பனிக்குள்ள இறங்கினது. மற்றக் காருகளையும் எங்கட ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி விடுவிச்சார். கதவு ஒரு சாண்தான் திறந்தது. என்ர மனுசன் சொதிப் பானையைப் பின் சீற்றில வைச்சார், வயித்தை எக்கிக்கொண்டு ஒவ்வொருத்தரா வெளிய வந்தம்.

நான் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போய் இலக்கம் எழுதின சட்டையை வாங்கினன். அந்த நேரத்துக்குள்ளதான் எல்லாம் நடந்தது. உள்ளுக்கு வந்த நோர்வேக்காரர் மஞ்சள் அங்கியைக் கண்டிருக்கினம். மஞ்சள் அங்கியைக் கண்டால் இந்தச் சனம் கேள்வி கேக்காது. அண்ணை கையைக் காட்ட, பவ்வியமாத் தலையை ஆட்டிப்போட்டு ரிவேர்ஸில விட்டிருக்கினம். பாவி மனுசன் இவ்வளவு காலமும் எங்கட சனத்தோட மல்லுக்கட்டினவர். "உமக்கென்ன தெரியும்", "நீர் ஆர் எனக்குச் சொல்ல" எண்டு கேட்டுக் கேட்டே காது புளிச்சவர். இப்ப ஒரு சொல்லுக்கு ஒரு கார் திரும்புது! சந்தோசம் தலைக்கு ஏறிப்போச்சு. இடத்தை மிச்சம் பிடிக்கிறன் எண்டு எங்கட வரிசைக்கு முன்னால இன்னொரு வரிசை, அதுக்கு முன்னால இன்னொண்டு. நான் திரும்பி வரேக்கை வெளி முழுக்கக் கார், எல்லாம் ஒரே நேர்கோட்டில. பாக்க வடிவாத்தான் இருந்தது.

நான் டிக்கியைத் திறக்கப் போனன். டிக்கி பனி மதிலுக்குள்ள.

ஆரணியின்ர ஸ்கீ, சப்பாத்து, தொப்பி எல்லாம் மிச்சச் சாப்பாட்டுச் சாமானோட டிக்கிக்குள்ள. காரை முன்னுக்கு எடுக்கேலாது. முன்னால நிண்ட காருகளின்ர சொந்தக்காரர் எல்லாம் எப்பவோ மலை ஏறிட்டினம். மேல ஒலிபெருக்கியில இலக்கம் கூப்பிடத் தொடங்கினது கேக்குது. ஆரணி என்ர முகத்தைப் பாத்தாள். அழேல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிராது.

"அம்மா, நான் போய்ச் சேரமாட்டன் என்ன?"

கடவுளே, எனக்கு வந்த விசர்! "அண்ணை!" எண்டு நான் கத்தின கத்தில லிஃப்ட் லைனில நிண்ட சனமே திரும்பிப் பாத்தது. "நீங்கள் மனுசனோ? அவசரத்துக்கு எடுக்கவேணும், அவசரத்துக்கு எடுக்கவேணும் எண்டு உயிரை வாங்குவியளே, இப்ப அவசரம்! எடுங்கோ பாப்பம்! ரெண்டு வருசம் என்ர பிள்ளை விழுந்து எழும்பினது உங்கட கோதாரி விழுந்த பார்க்கிங்குக்காகவோ? ஆர் உங்களைக் கூப்பிட்டது?"

அந்தாளின்ர வாயில இருந்து விசில் விழுந்தது. ஒரு நிமிசம் காரைப் பாத்தார், பனி மதிலைப் பாத்தார். பேந்து குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டினார்.

"என்ன செய்யிறியள்?"

"காருக்குள்ள அழுக்குப் பட்டிடும், தங்கச்சி."

ஆள் ஒல்லி. அந்த ஒரு சாண் கதவுக்குள்ளால நுழைஞ்சு, பின் சீற்றுக்கு மேலால டிக்கிக்குள்ள தலைகீழா விழுந்தார். ரெண்டு காலும் வெறும் கால்மேசோட மேல ஆடுது. உள்ளுக்க பானை உருளுற சத்தம். "சொதி போச்சு" எண்டு என்ர மனுசன் மெல்லச் சொன்னார். நான் திரும்பிப் பாத்த பார்வையில வாயை மூடினார். முதல் ஒரு ஸ்கீ வந்தது. பேந்து மற்றது. தடி, தொப்பி, சப்பாத்து. ஒரு சப்பாத்துக்குள்ள தேங்காய்ச் சம்பல். ஆரணி அதைத் தட்டிப்போட்டு அப்பிடியே காலை விட்டாள்.

வெளிய வந்த அண்ணை ரெண்டு ஸ்கீயையும் தோளில போட்டார், விசிலைத் தேடி எடுத்தார், ஓடத் தொடங்கினார். "உன்ஷில்! உன்ஷில்!" எண்டு மன்னிப்புக் கேட்டுக் கேட்டே சனத்தை விலத்தினார். லிஃப்டுக்கு நீட்டு லைன். நோர்வேக்காரனின்ர உயிரை எடுத்தாலும் எடுக்கலாம், லைனில அவனுக்கு முன்னால போகேலாது. அண்ணை ஒரு கையை நீட்டி முழு லைனையும் மறிச்சார், மற்றக் கையால ஆரணியை வா வா எண்டார். ஒருத்தர்கூட ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அவளுக்கு ஸ்கீயைப் பூட்டி லிஃப்டில ஏத்தி விட்டிட்டு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கீழ நிண்டார்.

அவளின்ர இலக்கத்தைக் கூப்பிட்டு முடியேக்கைதான் அவள் ஸ்டார்ட்டில காலை வைச்சவளாம். பேந்துதான் எங்களுக்குச் சொன்னாள்.

நாங்கள் முடிவுக் கோட்டடியில நிண்டம். ஆரணி இறங்கினாள். நடுவில ஒருக்காச் சறுக்கி, கை பனியில பட்டு எழும்பினாள். கடைசி வளைவில பாத்தால், தடுப்புக்கு உள்ளுக்க, கோட்டுக்கு அங்காலை, மஞ்சள் அங்கியோட அந்தாள்! ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி, "வா வா வா, நேர வா, இன்னும், இன்னும்" எண்டு கத்துறார். அவள் அவரைப் பாத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தாள். அவர் உள்ளங்கையை விரிச்சு "நில்!" எண்டார். அவருக்கு முன்னால பனியைச் சீறியடிச்சுக்கொண்டு நிண்டாள். கடைசிக்கு முதல் இடம். ரெண்டு பேரும் உலகத்தை வெண்ட மாதிரிச் சிரிச்சினம்.

அப்பதான் ஒரு பெடியன் வந்தான். அதே மஞ்சள் அங்கி, ஆனால் நெஞ்சில மலையின்ர அடையாளம். முகம் சிவந்துபோயிருந்தது. முழுப் பார்க்கிங்கும் பூட்டுப்பட்டுப் போச்சாம், ஒரு காரும் எடுக்கேலாதாம். "இந்த மனுசன் ஆரோட வந்தவர்?" எண்டு நோர்வே மொழியில கேட்டான்.

எங்களோட வந்த மூண்டு குடும்பமும் மலையை ரசிக்கத் தொடங்கிட்டுது. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிஞ்சார். பள்ளிக்கூடத்தில பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"எங்களோட" எண்டு நான் முன்னுக்குப் போனன். "ஏன், என்ன? சனம் வரேக்கை நீர் எங்கை நிண்டனீர்? வெளியில ஒருத்தரும் இல்லாமல்தானே இந்த மனுசன் உம்மட வேலையைச் செய்தது! இவ்வளவு சனம் வாற நாளில ஒரு ஆளை விடத் தெரியாது, இஞ்சை வந்து வயசுபோன ஆளிட்டைக் கதைக்கிறீரோ? உம்மட பெரியாளைக் கூப்பிடும், நான் கதைக்கிறன்!" நோர்வே மொழியில எனக்கு இவ்வளவு சொல்லுத் தெரியுமெண்டு எனக்கே அண்டைக்குத்தான் தெரிஞ்சது. பெடியன் ஒரு அடி பின்னால போனான், ஏதோ வாய்க்குள்ள சொன்னான், ஒலிபெருக்கியில காரின்ர இலக்கங்களை வாசிக்கப் போயிட்டான்.

நான் அண்ணையிட்டைத் திரும்பினன். இனி உங்கட முறை எண்டு வாயைத் திறக்கிறன், கண் அவற்ர காலில விழுந்தது. சப்பாத்து இல்லை. எங்கட காரடியில கழட்டினது கழட்டினபடி. ஈரக் கால்மேசோட ஓடி, அந்த ஈரத்தோடயே இவ்வளவு நேரமும் பனியில நிண்டிருக்கு மனுசன்.

"விசரோ உங்களுக்கு? கால் விறைச்சு விழப்போகுது! அறிவிருக்கோ? இருங்கோ இதில! இருங்கோ எண்டுறன்!" பக்கத்தில கிடந்த மர வாங்கில இருத்தி, கால்மேசை உருவி எறிஞ்சன். விரலெல்லாம் வெள்ளை வெளேரெண்டு. "பிள்ளை எப்பிடி ஓடினவள் கண்டனீரோ, தங்கச்சி?" எண்டு அந்தாள் பல்லு அடிபடக் கேக்குது. வாயை மூடுங்கோ எண்டன். பேசினன், அவற்ர கொள்கைக்கும் சேத்துப் பேசினன், வட்டச்சந்திக்கும் சேத்துப் பேசினன், தொண்டை கட்டும் வரைக்கும் பேசினன். அவ்வளவு நேரமும் அந்த ரெண்டு காலையும் என்ர கம்பளிச் சால்வையால சுத்தி மடியில வைச்சுத் தேய்ச்சுக்கொண்டு இருந்தன்.