எங்க ஊர்ல ஆடே கெடையாது

திங்கக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஏழாம் வகுப்புக்குப் பட்டை வரைபடம் நடத்தணும்.

நான் பாளையம்பட்டியில இருந்து பஸ்ஸேறி, திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்துல கணக்கு டீச்சரா இருக்கேன். வெள்ளிக்கிழமை மேலதிகாரி மேடம் எங்க ஸ்கூலப் பாக்க வர்றதா இருந்துச்சு. அவுகளுக்குப் புடிச்ச சார்ட்டு விருதுநகர் கணிதக் கண்காட்சிக்குப் போகும். போனா, பத்தொம்பது புள்ளைகளுக்கும் வேன்!

அந்த வேன் இன்னும் கண்ணுலயே படல. ஆனா ஜன்னலோர சீட்டு யாருக்குன்னு ஒரு வாரமா சண்டை நடக்குது.

புத்தகத்துல "பிடித்த பழம் எது"ன்னு ஒரு கணக்கு இருக்கு. பயிற்சியில சொன்னாங்க, உள்ளூர் விவரத்த எடுத்து நடத்துங்கன்னு. எங்க பக்கம் மழைய எண்ண முடியாது. ஆட்ட எண்ணலாம்.

"ஒவ்வொரு வீட்டுலயும் எத்தனை ஆடுன்னு கேட்டு எழுதிட்டு வரணும். சரியா?"

"சரிங்க டீச்சர்!"

இதோட நான் வகுப்புலயே உக்காந்திருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது. புள்ளைகளுக்கு வழி காட்டுறேன்னு கூடவே கெளம்பினேன். கழுத்துல அடையாள அட்டை, கையில நீளமா ஒரு ரெஜிஸ்டர், காதுல பேனா. புத்திசாலி!

முதல் வீடு பேச்சியம்மா அக்கா வீடு. வாசல்ல ரெண்டு வெள்ளாடு கட்டிக் கெடக்கு.

"அக்கா, உங்க வீட்டுல எத்தனை ஆடு?"

அக்கா என் அட்டையப் பாத்தாங்க. ரெஜிஸ்டரப் பாத்தாங்க.

"ஆடா? எங்ககிட்ட ஏது டீச்சர் ஆடு?"

"அப்ப இது?"

"இது எங்க நாத்தனா வீட்டு ஆடு. சும்மா வந்துருக்கு."

நாத்தனா வீடு மூணாவது வீடு. அங்க நாலு ஆடு. கேட்டா, அது பேச்சியம்மா வீட்டு ஆடாம்!

அடுத்த வீட்டுல ஆட்டையே காணோம். ஆனா உள்ள இருந்து "மே..."ன்னு சத்தம்.

"அது எங்க சின்னவன் டீச்சர். நல்லா மிமிக்கிரி பண்ணுவான்."

சின்னவன் என் பக்கத்துலதான் நோட்டோட நிக்கிறான்!

சாயங்காலம்தான் விஷயம் தெரிஞ்சது. ஆடு இல்லாத வீட்டுக்கெல்லாம் அரசாங்கம் ஆடு குடுக்கப் போகுதாம். அதுக்குக் கணக்கெடுக்க டீச்சரையே அனுப்பி இருக்காகளாம்!

அறுபத்திரண்டு வீடு. ஒரே ஒரு வீட்டுல மட்டும், போன மாசம் கல்யாணமாகி வந்த மருமக வெள்ளந்தியா "மூணு"ன்னு சொல்லிருச்சு. மறுநாள் காலையில முதல் மணி அடிக்குறதுக்குள்ள மாமியார் ஸ்கூலுக்கே வந்துட்டாங்க.

"டீச்சர், ரப்பர் இருக்கா?"

அழிச்சோம். ஆக மொத்தம் சைபர். வரையுறதுக்கு ஒரு பட்டை கூட இல்ல.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நேரா டீக்கடைக்குப் போயி, நடுவுல நின்னு கத்துனேன்.

"யாருக்கும் ஆடு கெடையாது! ஆடு இல்லாதவுக எனக்குத் தேவையே இல்ல! ஆடு இருக்குறவுக மட்டும் வந்து பேரக் குடுங்க!"

கணக்கு டீச்சர்தானே நான். தமிழ் டீச்சரா இருந்தா யோசிச்சுப் பேசியிருப்பேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஊரே ஸ்கூல் கேட்டுல நிக்குது. இந்த வருஷம் மழை இல்லேல்ல? ஆடு வச்சிருக்கவுகளுக்கு ஆட்டுக்கு இவ்வளவுன்னு நஷ்டஈடாம்!

முதல் ஆளு பேச்சியம்மா அக்கா. "நமக்கு இருவத்தஞ்சு போட்டுக்கங்க."

"நேத்து நாத்தனா ஆடுன்னீங்களே அக்கா?"

"நாத்தனா வேற, நான் வேறயா டீச்சர்?"

டீக்கடை அண்ணன் முப்பதுன்னாரு.

"உங்ககிட்ட ஒரு கோழி கூடக் கெடையாதேண்ணே!"

"வாங்கத்தான போறேன்."

கூட்டிப் பாத்தோம். ஆயிரத்து இருநூத்து நாப்பது! பத்து ஆட்டுக்கு ஒரு சென்டிமீட்டர்னு அளவு வச்சா, பட்டை சார்ட்டத் தாண்டிப் போகுது. ரெண்டு சார்ட்ட ஒட்டினோம்.

எங்க ஹெச்.எம். சார் எட்டிப் பாத்தாரு. "இம்புட்டு ஆடு இருந்தா இந்த ஊர்ல ஒரு செடி மிஞ்சுமா டீச்சர்?"

அப்ப முத்துமாரி எந்திரிச்சா. வகுப்புலயே நல்லாக் கணக்குப் போடுற புள்ள. "டீச்சர், நேத்து சைபர். இன்னைக்கு ஆயிரத்து இருநூத்து நாப்பது. கூட்டி ரெண்டால வகுத்துருவமா?"

சராசரி நல்லாத்தான் நடத்தியிருக்கேன் போல. ஆனா கேக்கும்போது எனக்கு அழுகையே வந்துருச்சு. இந்த லட்சணத்துல சார்ட்டக் காமிச்சா வேன் எங்க வரப்போகுது? ஜன்னலோரம் பேசி முடிச்ச புள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு முடிவு எடுத்தேன். யார்கிட்டயும் கேக்கக் கூடாது. மேய்ச்சலுக்குப் போன ஆடெல்லாம் கண்மாய்க்கரை வழியாத்தான் ஊருக்குள்ள வரணும். வரும்போது எண்ணிருவோம்!

அடையாள அட்டையக் கழட்டிப் பைக்குள்ள போட்டேன். சீமைக்கருவேலப் புதருக்குப் பின்னாடி நானும் பத்தொம்பது புள்ளைகளும். மூச்சு விடல. ஆடு வர வர நாலு கோடு, குறுக்க ஒரு கோடு. அஞ்சு அஞ்சா எண்ணுறோம். முள்ளு குத்துது, கத்தவும் முடியல. ஒரு கெடா வந்து என் முந்தானையில ஒரு முழத்தத் தின்னுட்டுப் போச்சு. அதையும் எண்ணினோம்.

முந்நூத்திப் பதினெட்டு!

வெள்ளிக்கிழமை மேடம் வந்தாங்க. சார்ட்டுல மூணு நாளும் இருக்கு. முத்துமாரிதான் விளக்கம் சொல்ல நின்னா.

"திங்கக்கிழமைக்குப் பட்டையே இல்லையேம்மா?"

"அது சைபர் மேடம். அன்னைக்கு ஆடு குடுக்காகன்னு ஊர்ல சொன்னாக."

"செவ்வாய்க்கிழமை இவ்வளவு உசரமா இருக்கு?"

"அன்னைக்கு நஷ்டஈடு குடுக்காகன்னு சொன்னாக."

"வியாழக்கிழமை?"

"அன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்லல மேடம். நாங்களே ஆட்ட எண்ணினோம்."

மேடம் சிரிச்சாங்க பாருங்க, கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிற அளவுக்குச் சிரிப்பு!

"டீச்சர், புள்ளிவிவரத்த இதுக்கு மேல யாரும் நடத்த முடியாது. சார்ட்ட மடிக்காம விருதுநகருக்குக் கொண்டு வாங்க."

வேன் உறுதி! புள்ளைக போட்ட சத்தத்துல சத்துணவு அக்கா கரண்டியோட ஓடி வந்துட்டாங்க. நானும் சேந்துதான் கத்துனேன், மறைக்குறதுக்கு என்ன இருக்கு.

எனக்கும் புத்தி வந்துருச்சு. யாரும் ஓசியிலயும் குடுக்க முடியாத, நஷ்டஈடும் கேக்க முடியாத ஒண்ணத்தான் இனிமே எண்ணணும். அடுத்த வாரத்துக்குக் காக்கா. வீட்டுக்கு எத்தனை வருதுன்னு பாத்து எழுதச் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிக்கேன். பேச்சியம்மா அக்கா பக்கத்துல வந்து, யாரும் பாக்காகளான்னு சுத்திப் பாத்துட்டு மெதுவாச் சொல்றாங்க:

"டீச்சர், நம்ம வீட்டுப் பக்கம் காக்காவே வாரது கெடையாது. எழுதிக்கங்க."